குளத்தில் உறையாத மூலை

நொர்வேயின் வடக்குக் கரையில் ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலை விடுதியின் நிலவறையில் தமிழ்ச் சனத்துக்கென்று ஒரு சமையலறை கட்டியவன் நான். கறி மணம் மேலே போகிறது என்று விடுதிக்காரர் முறைப்பாடு செய்தபோது, கழித்துப் போட்ட விசிறி ஒன்றைத் தேடி எடுத்துத் தகரக் குழாய் பூட்டிக் கூரைக்கு மேலால் மணத்தை அனுப்பினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு, மடித்து சிறிய வான் வண்டி ஒன்றில் ஏற்றக்கூடிய மேடை செய்து கொடுத்தேன். பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்துக் குதித்து ஆடினார்கள். ஒரு ஆணி அசையவில்லை. ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியபோது அதன் நிலக்கீழ் அறையில் தண்ணீர் நின்றது. இந்த வீட்டை விடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினேன். இன்றைக்கு அந்த அறையில்தான் சாமிப் படங்கள் இருக்கின்றன, சுவர் காய்ந்து கிடக்கிறது. இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. நொர்வேஜிய மொழியில் ஒரு வரி எழுதச் சொன்னால் இன்றும் மனைவியைத்தான் கூப்பிடுவேன். ஆனால் அந்த மொழியை வடக்குக் கடற்கரைக்காரன் மாதிரிக் கதைப்பேன். மீன் வெட்டும் மேசையில் படித்தது அது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிது என் தோட்டம். அதைப்பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதைப்பற்றி மற்றவர்கள் எழுதியிருப்பதில் குறை இருக்கிறது.

ஒஸ்லோவில் ரொம்மன் அடுக்குமாடிகளுக்குக் கீழே, ஓடை அகன்று ஒரு சின்னக் குளமாக நிற்கும் இடத்தில், கொம்மூன் குடியிருப்பாளர்களுக்குத் தோட்டத் துண்டுகள் கொடுத்திருந்தது. நகராட்சியை நாங்கள் கொம்மூன் என்றுதான் சொல்வோம். நான் ரொம்மனில் இருந்த காலத்திலேயே ஒரு துண்டு எடுத்தேன். லோறென்ஸ்கூக்குக்குக் குடிபோன பிறகும் விடவில்லை, காரில் போய்வந்தேன். எனக்குக் கிடைத்தது யாரும் வேண்டாம் என்ற கடைசித் துண்டு. சாம்பல் நிறக் களிமண். மழை பெய்தால் கால் சப்பாத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெயில் எறித்தால் சீமெந்தாகிவிடும். அடுக்குமாடிகளில் யன்னல் மாற்றியபோது கழற்றி எறிந்த பழைய யன்னல்களைப் பராமரிப்பாளரிடம் கேட்டு எடுத்தேன். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி ஒரு கண்ணாடி வீடு கட்டினேன். வெளியே மே மாதக் குளிர், உள்ளே மிளகாய் பூத்தது. நொர்வேக்காரர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்த்துப் போனார்கள்.

யன்னல் கிடைத்துவிட்டது, இனி மண் வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கோடையில் குளம் வற்றினால் அடிமண்ணை வெட்டி வண்டிலில் ஏற்றித் தோட்டங்களுக்குப் போடுவார்கள். குளத்து மண் போட்ட தோட்டத் தறையில் வெங்காயம் எப்படி நிற்கும் என்று கண்டவனுக்கு, கண் முன்னால் குளமும் கறுத்த சேறும் கிடக்கும்போது கை சும்மா இருக்குமா? ஏப்ரலில் மற்ற இடம் எல்லாம் இரும்பு, மண்வெட்டி இறங்காது. குளத்தின் கிழக்கு மூலை மட்டும் இளகிக் கிடக்கும். நடு மாரிக் குளிரிலும் அங்கே ஐஸ் பிடிக்காது. ஓடையில் உள்ள வாத்துகள் எல்லாம் அந்த மூலையில்தான் மிதக்கும். அது ஊற்றுக்கண் என்று நான் சொன்னேன். எல்லோரும் ஓம், ஊற்றுத்தான் என்றார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அதே மூலையில் இடுப்பளவுக்கு இறங்கிச் சேற்றை வெட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, கண்ணாடி வீட்டுக்குள்ளும் வெளியிலும் பரப்பினேன். அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்த்தால் குழி திரும்ப நிரம்பி எனக்காகக் காத்திருக்கும்.

பக்கத்துத் துண்டுக்காரர் ஹம்மர்பெஸ்ட்டில் என்னோடு மீன் வெட்டியவர். வயதில் எனக்கு இளையவர், வாயில் மூத்தவர்.

“என்னண்ணை, உலகம் பையிலை பசளை வாங்குது, நீங்கள் சேத்துக்கை நிண்டு கூத்தாடுறியள்?”

“நீ பையை வாங்கு தம்பி. ஆவணியிலை ஆரின்ரை கீரை பெரிசெண்டு பாப்பம்.”

ஆவணி மாதம் அவரும் ஒரு தள்ளுவண்டியோடு குளத்தடிக்கு வந்தார். அதற்கடுத்த வருடம் தமிழ்ச் சனத்தின் துண்டுகள் எல்லாவற்றிலும் குளத்து மண்.

அவை ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்த வருடங்கள். பாதை திறந்திருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் முளைக்கீரை விதையையும் பசளி விதையையும் சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பது? என் முளைக்கீரை நெஞ்சளவுக்கு நின்றது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் காரின் பின்கதவைத் திறந்தால் அன்ரிமார் சுற்றி வளைத்துவிடுவார்கள். நான் விற்கவில்லை. புகழுக்காகத்தான் கொடுத்தேன், அதில் என்ன வெட்கம்?

ஒரு சனிக்கிழமை அப்படிச் சுற்றி வளைத்தவர்களில் ஒருத்திதான் அந்த ஆராய்ச்சிப் பிள்ளை. தமிழ்நாட்டுக்காரி. மண்ணும் தண்ணீரும் சோதிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு வேலைக்கு வந்து, ரொம்மனில் வாடகைக்கு இருந்தாள். தமிழ்ச் சத்தம் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்க்க வந்தவள், என் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், இது முளைக்கீரையா? ஒஸ்லோவுலயா? சத்தியமா நம்ப முடியல!”

“தோட்டத்துக்கு ஒருக்கால் வாரும் பிள்ளை. வந்து பாரும். பிறகு நம்புவீர்.”

அவள் சிரித்துவிட்டாள். “வாரும், பாரும்னு சொல்றீங்களே, ராஜா நாடகம் மாதிரி இருக்கு அங்கிள்!”

மரியாதையாகக் கதைத்தால் அவர்களுக்கு நாடகம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளுடைய கண் கீரையைவிட்டு நகரவில்லை, அதனால் மன்னித்தேன்.

மறுநாளே வந்தாள். கண்ணாடி வீட்டைப் பார்த்து வாய்விட்டுப் புகழ்ந்தாள். முதலில் புகழ்ந்தாள் என்பதை எழுதத்தான் வேண்டும். பிறகு வெளியே குவித்திருந்த சேற்றைக் கண்டாள். முதல்நாள் மழை பெய்திருந்தது. குவியலின் அடியில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் போல நிறம் நிறமாக மினுங்கியது. குந்தி உட்கார்ந்து, ஒரு துளியை விரலில் எடுத்து உரசி, மணந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“இந்த மண்ணை எங்கேர்ந்து எடுத்தீங்க?”

நான் பெருமையோடு கிழக்கு மூலையைக் காட்டினேன். அவள் மூலையைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, மேட்டில் வரிசையாக நின்ற பழைய தொழிற்கூடங்களைப் பார்த்தாள். முன்பு அங்கே இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசினார்கள் என்று கேள்வி, எப்போதோ மூடிவிட்டார்கள். இப்போது வேறு சின்னச் சின்ன வேலைத்தலங்கள் இருந்தன.

“எங்க ஊர்ல தோல் பதனிடுற கம்பெனிங்க நிறைய, அங்கிள். அவங்க ஆத்துல விட்டது எங்க கெணத்துல வந்துச்சு. எங்க நெலத்துல தென்னை மொட்டையா நிக்குது. அதைப் பாத்துத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன். கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் கீரையும் எடுத்துட்டுப் போறேனே?”

“இது நொர்வே பிள்ளை. குழாயைத் திறந்து அப்பிடியே குடிக்கிற நாடு.”

“குழாய்த் தண்ணி சரி. நீங்க போடுறது குளத்துச் சேறாச்சே.”

பையில் போட்டுக் கொண்டுபோனாள். எனக்குக் கோபம். காய்ச்சல் இல்லாத பிள்ளையை ஒருத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

சோதனை முடிந்ததும் அவள் தொலைபேசியில் சொல்லவில்லை. பஸ் எடுத்து லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்கே வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். என் மகள் சோபாவில் சாய்ந்திருந்தாள், அவளுக்கு அப்போது நாலு மாதம். வயிற்றுப்பிள்ளைக்கு நல்லது என்று மனைவி கிழமைக்கு மூன்று நாள் அவளுக்குக் கீரை கடைந்து கொடுத்தாள். அன்றைக்கும் மேசையில் கீரைக்கறி இருந்தது.

ஆராய்ச்சிப் பிள்ளை கோப்பையைப் பார்த்துக் கேட்டாள்: “ஆன்ட்டி, இது தோட்டத்துக் கீரையா?”

“ஓம். ஏன், எங்கட கீரை வேண்டாமோ?”

“அதை எடுத்து வெச்சுடுங்க ஆன்ட்டி.”

பிறகு உட்கார்ந்து, மெதுவாக, என்னைப் பார்த்துச் சொன்னாள். சேற்றில் காட்மியம் இருக்கிறது, ஈயம் இருக்கிறது, குரோமியம் இருக்கிறது. முலாம் பூசுகிற வேலையில் வருகிற உலோகங்கள். ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் மண்ணோடு நின்றுவிட்டன. காட்மியம் இலைக்கு ஏறிவிட்டது.

“இலை வாடேல்லையே!” என்றேன் நான். “பூச்சி இல்லை, புள்ளி இல்லை. நஞ்செண்டால் செடியெல்லோ முதல் சாகவேணும்?”

“செடிக்கு அது துத்தநாகம் மாதிரி அங்கிள். சத்துன்னு நெனச்சு உறிஞ்சி இலைல சேத்து வெச்சுக்கும். பாக்க செழிப்பா தான் இருக்கும். சாப்பிடுற நமக்கு அது சிறுநீரகத்துல போய் உக்காந்துக்கும், லேசுல வெளிய வராது. பயப்படாதீங்க, இதுவரைக்கும் சாப்பிட்டதால உடனே ஒண்ணும் ஆயிடாது. ஆனா வருஷக்கணக்கா சாப்பிடக் கூடாது. மாசமா இருக்கிறவங்க இன்னியோட நிறுத்திடணும். டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.”

மகள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். மனைவி எழும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். பனிக்காலத்துக்கென்று கீரை அவித்து, காலியான ஐஸ்கிரீம் பெட்டிகளில் அடைத்து, மேலே மகளின் செல்லப் பெயரை எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். அந்தச் சத்தம்தான் எனக்கு இப்போதும் கேட்கிறது. கல்லை வைப்பது போல ஒரு சத்தம்.

பின்னேரம் பக்கத்துத் துண்டுக்காரரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார்.

“வாயைத் திறந்திடாதேங்கோ அண்ணை. சேத்தை அள்ளித் திருப்பிக் குளத்துக்கை போடுவம். ஆருக்கும் தெரிய வேண்டாம். கொம்மூனுக்குத் தெரிஞ்சுதெண்டால் தோட்டத்தை இழுத்து மூடிப்போட்டுப் புல்லு விதைச்சுப்போடுவாங்கள்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. தோட்டம் போனால் அந்தச் சனத்துக்கு வேறு ஒரு முழம் நிலம் கிடையாது. அது போக, கீரை கொடுத்தவர் என்ற என் பெயர் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் சொன்னேன்.

“உங்கட பேருக்காக என்ரை பிள்ளை நஞ்சு தின்னேலாது,” என்றாள். “மற்றவையின்ரை பிள்ளையளும் தின்னேலாது. நாளைக்கு நீங்கள் போறியளோ, நான் போகட்டோ?”

நானே போனேன். காலி ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் சேற்றை அடைத்து மூடிக்கொண்டு, கொம்மூன் அலுவலகத்தில் சுற்றுச்சூழல் பகுதியில் இருந்த பெண் அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவள் பெட்டியைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சிரிப்பொன்று சிரித்தாள். வெளிநாட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்தால் சிரிக்கிற சிரிப்பு.

“சாப்பாடா?”

“சாப்பிடக் கூடாது என்று சொல்லத்தான் கொண்டுவந்தேன்,” என்றேன்.

என் வடக்குப் பேச்சைக் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளும் வடக்கே பின்மார்க் பக்கத்தில் பிறந்தவளாம். அதற்குப் பிறகு கதை சரளமாகப் போனது. எல்லாவற்றையும் சொன்னேன்: யார் வெட்டியது, எங்கே வெட்டியது, யார் யாருக்குக் கொடுத்தது. அவள் எழுதிக்கொண்டே போனாள். கடைசியில் பேனையை வைத்துவிட்டு, “இப்படி யாரும் தானாக வந்து சொல்வதில்லை,” என்றாள். அந்த வார்த்தையை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வேண்டும்.

அடுத்த கிழமையே தோட்டத்தைச் சுற்றி நாடா கட்டினார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து கீரையை வேரோடு பிடுங்கிப் பைகளில் கட்டினார்கள். சனம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. என்னோடு யாரும் கதைக்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் என் காரைக் கண்டால் அன்ரிமார் தங்கள் கைப்பைகளுக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள். இளந்தாரிகள் இன்னும் மோசம். “இந்தா, காட்மியம் வாறார்!” என்று பின்னால் சிரித்தார்கள். வேறு ஒருவனாக இருந்தால் வீட்டுக்குள் முடங்கியிருப்பான். நான் எல்லாச் சனிக்கிழமையும் போனேன், மேடை பூட்டுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

இலையுதிர் காலத்தில் பெண் அதிகாரி எங்களைக் கூப்பிட்டாள். நானும் ஆராய்ச்சிப் பிள்ளையும் போனோம். அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்து வைத்துச் சொன்னது இதுதான்: முலாம் பூசிய தொழிற்சாலையின் பழைய அழுக்கு குளத்தின் அடியில் கிடக்கிறது. அது மட்டுமென்றால் அள்ளி எடுத்துவிட்டுப் புது மண் போடலாம். ஆனால் இன்னும் எங்கிருந்தாவது ஊறிக்கொண்டு இருந்தால் எத்தனை தரம் அள்ளியும் பயனில்லை. அந்த இடத்தில் எந்தக் குழாயும் வரைபடத்தில் இல்லை. நிச்சயமாகத் தெரியாவிட்டால் வசந்தத்தில் தோட்டத்தை நிரந்தரமாக மூடிப் புல் விதைப்பதுதான் வழி.

புல் என்று கேட்ட பதற்றத்தில் என் பழைய பெருமையைத் தமிழில் அவிழ்த்துவிட்டேன். “பழைய அழுக்கோ? ஒவ்வொரு வருசமும் அந்த மூலையை இடுப்பளவுக்கு வெட்டி வழிச்சு எடுத்தவன் நான். களி தெரியும்வரை வெட்டினனான். பழசு எங்கை கிடக்கும்?”

ஆராய்ச்சிப் பிள்ளை சட்டென்று திரும்பினாள். “அங்கிள், ஒரே எடத்துலயா? ஒவ்வொரு வருஷமும் அதே குழியா?”

“அதே குழிதான். அடுத்த வருசம் நிரம்பிக் கிடக்கும்.”

“அப்போ நீங்க எங்கிட்ட கொடுத்தது ஒரு வருஷத்துச் சேறு! பழசு இல்ல. இப்பவும் எங்கேர்ந்தோ வந்துட்டே இருக்கு.” உடனே அதிகாரிக்கு ஆங்கிலத்தில் படபடவென்று விளக்கினாள். அதிகாரி வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனையோ படித்தவர்கள் பார்த்த குளம் அது. ஆனால் முதல் வருடத்திலிருந்தே வருடாவருடம் அதற்குள் இறங்கியவன் ஒருவன்தான். அதே நேரம், என் வாயிலிருந்து வந்ததற்கு என்ன பொருள் என்று கண்டுபிடித்தது அந்தப் பிள்ளை. அதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் எங்கிருந்து வருகிறது? மேட்டில் இருந்த கூடங்களின் குழாய்கள் எல்லாம் ஒழுங்காகக் கழிவுநீர்க் கால்வாய்க்குப் போவதாகவே காகிதங்கள் சொல்லின. ஆட்கள் வந்து கரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குள் நிலம் உறைந்துவிட்டது. இனி வசந்தம்தான், வசந்தம் வந்தால் புல்தான்.

நத்தார், கிறிஸ்மஸ், வந்தது. எத்தனையோ வருடங்களாக நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் நான் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவேன். மற்றவர்கள் விடுமுறை எடுக்கும்போது எனக்குத்தான் வேலை கூட. அந்த வருடம் முழங்கால் நோவென்று முதல் தடவை வீட்டில் இருந்தேன். நிறையப் பனி கொட்டியது. கண்ணாடி வீட்டின் கூரை தாங்காதே என்று பனி தள்ளப் போனேன். தோட்டம் மூடியிருந்தால் என்ன, கண்ணாடி வீடு என்னுடையது.

கூரையைத் துடைத்துவிட்டுக் குளத்தைப் பார்த்தேன். எங்கும் வெள்ளை. கிழக்கு மூலையும் வெள்ளை. வாத்துகள் அந்த மூலையில் ஐஸுக்கு மேலே ஒற்றைக் காலில் நின்றன, பஸ் வராத தரிப்பிடத்தில் சனம் நிற்பது போல.

இப்படி ஒரு நாளும் நான் கண்டதில்லை. அதைவிடக் குளிரான நாட்களிலும் அந்த மூலை உறைந்ததில்லை. புதுவருடம் கழிந்து, வேலை நாட்கள் தொடங்கிய பிறகு திரும்பப் போனேன். மூலை திறந்து கிடந்தது, மேலே மெல்லிய ஆவி. வாத்துகள் சந்தோஷமாக மிதந்தன.

அங்கேயே நின்று சிரித்தேன். ஊற்றுக்கண்ணுக்கு நத்தார் விடுமுறை உண்டா? ஹம்மர்பெஸ்ட்டில் தொழிற்சாலையின் கழுவுநீர் விழுகிற இடத்தில் மட்டும் பனி நிற்காது. தொழிற்சாலை பூட்டினால் அங்கேயும் பனி மூடிவிடும். அதை நாள் தவறாமல் பார்த்துப் பழகிய கண் இது. மேட்டில் எவனோ வேலை நாட்களில் சுடுநீர் ஊற்றுகிறான்.

ஆராய்ச்சிப் பிள்ளைக்கு அங்கிருந்தே கைத்தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் அவள் கத்திய கத்தலில் வாத்துகள் கூடத் திரும்பிப் பார்த்திருக்கும்.

“அங்கிள்! நீங்க அங்கேயே நில்லுங்க, நான் வர்றேன்!”

“நிக்கிறன் பிள்ளை. ஓடி விழுந்து போகாதேயும், வழுக்கும்.”

அவள் அதிகாரியைக் கூப்பிட்டாள். அந்தக் கிழமையே அதிகாரி ஆட்களோடு வந்து, மேட்டில் இருந்த வேலைத்தலங்களில் ஒவ்வொன்றாகத் தரை வடிகாலில் பச்சைச் சாயம் ஊற்றிப் பார்த்தாள். நாங்கள் குளத்தடியில் நின்றோம். பக்கத்துத் துண்டுக்காரரும் வந்திருந்தார், எனக்குச் சற்றுத் தள்ளி. முதல் இரண்டு இடத்துக்கும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதுக்குச் சிறிது நேரத்தில், கரைக்கு அடியிலிருந்து பாசிப்பச்சையும் இல்லாத, கிளிப்பச்சையும் இல்லாத ஒரு பச்சை புகை மாதிரி விரிந்தது. வெள்ளைக் குளத்தில் ஒரு பச்சை மூலை. நடுவில் வாத்துகள்.

“அண்ணை,” என்றார் பக்கத்துத் துண்டுக்காரர், அவ்வளவு காலத்துக்குப் பிறகு. “உங்கட ஊத்துக்கண் திறந்திட்டுது.”

அந்த வேலைத்தலக்காரர் கீழே இறங்கி வந்து பார்த்து, அது தன்னுடைய தண்ணீரா என்று இரண்டு தரம் கேட்டார். இயந்திரத் துண்டுகளைச் சுடுநீரில் கழுவுவது அவருடைய தொழில். அந்த நீர் ஒழுங்காகக் கழிவுநீர்க் கால்வாய்க்குப் போவதாகத்தான் அவர் நம்பியிருந்தார். உண்மையில் தரைக்கு அடியில் பழைய முலாம் தொழிற்சாலையின் குழாய் ஒன்று, யாருடைய வரைபடத்திலும் இல்லாமல், அவருடைய வடிகாலோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அவர் ஊற்றிய சுடுநீர் அந்தக் குழாயில் பல காலம் படிந்திருந்த உலோக அழுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி என் குழியில் கொண்டுவந்து நிரப்பியிருந்தது. அவரை யாரும் ஏசவில்லை. அவரும் என்னைப் போல ஒன்றும் தெரியாமல் செய்தவர்தான்.

குழாயை வெட்டி அடைத்தார்கள். அவருடைய வடிகாலைச் சரியான கால்வாயோடு இணைத்தார்கள். வசந்தத்தில் பெரிய வாகனம் வந்து குளத்துச் சேற்றையும், நாங்கள் துண்டுகளில் கொட்டியிருந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு போனது. புல் விதைக்கவில்லை! களிக்கு மேல் தடித்த துணி விரித்து, அதற்கு மேல் உயரப் பெட்டிகள் வைத்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண் நிரப்பிச் செய்கை பண்ணலாம் என்று கொம்மூன் சொன்னது. பெட்டிகளை நாங்களே கூடிச் செய்யவேண்டும். நான் செய்யாமல் யார் செய்வது?

இடித்த விளையாட்டுத் திடலிலிருந்து பச்சை நிற மரச் சட்டங்களை எடுத்து வந்து முதல் பெட்டியை அடித்து முடித்துவிட்டேன். ஆராய்ச்சிப் பிள்ளை வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“ஐயோ அங்கிள், அந்தப் பச்சை மருந்து போட்ட மரம்! மக்காம இருக்கிறதுக்கு அதுல ஆர்சனிக், குரோமியம் எல்லாம் ஏத்தியிருப்பாங்க. இப்போ தடையே பண்ணிட்டாங்க. மறுபடி மொதல்லேர்ந்தா?”

“உமக்குத் தெரிஞ்சதுகள்ளை நஞ்சில்லாத சாமான் ஏதும் இருக்கோ பிள்ளை?”

“இருக்கு. சும்மா மரம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டு கைப்பைக்குள் தேடிய அன்ரி ஒருத்தியும் சிரித்தாள். நான் சட்டங்களைத் திருப்பி ஏற்றிவிட்டு, மருந்தில்லாத லார்ச் மரம் தேடி எடுத்து, அந்தத் தோட்டத்தின் எல்லாப் பெட்டிகளையும் அடித்தேன். பக்கத்துத் துண்டுக்காரர் மரம் பிடித்தார். நொர்வேக்காரர்கள் வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்தார்கள், மனைவி வடை சுட்டாள். வடைதான் முதலில் முடிந்தது. அந்தப் பிள்ளை மண்ணோடு சுண்ணாம்பு கலக்கச் சொன்னாள், மண் புளித்து அமிலமானால்தான் காட்மியம் செடிக்கு இலகுவாக ஏறுமாம். கலந்தோம்.

மகளுக்கு அதற்குள் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. வைத்தியர்கள் தாயையும் பிள்ளையையும் சோதித்துக் குறை ஒன்றுமில்லை என்றார்கள். அந்தக் கோடையில் புது மண்ணில் வந்த முளைக்கீரையை, ஒரு இலையும் வாயில் வைக்காமல், பையில் கட்டி ஆராய்ச்சிப் பிள்ளையிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காய்ச்சல் இல்லாத பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் பிழை இல்லை என்று அப்போது விளங்கியிருந்தது. முடிவு வந்த அன்று அவள் தொலைபேசியில் ஒரு சொல்தான் சொன்னாள்: “சாப்பிடலாம்.”

மனைவி கடைந்தாள். எல்லோருக்கும் முதலில் நான் சாப்பிட்டேன், அது என் உரிமை. பிறகு பேரனின் வாயில் விரல் நுனியால் ஒரு துளி தடவினாள். அவன் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டான். இன்றைக்கும் அவனுக்குக் கீரை பிடிக்காது. பரவாயில்லை. பிடிக்கவில்லை என்று தள்ளி வைக்கலாம், பயந்து தள்ளி வைக்கத் தேவையில்லை.

அந்தத் தோட்டத்து வாசலில் இப்போது கொம்மூன் ஒரு பலகை நட்டிருக்கிறது. இடத்தின் கதை அதில் இருக்கிறது. மனைவி வாசித்துச் சொன்னாள். கொம்மூன் கண்டுபிடித்ததாம், ஆராய்ச்சி நிறுவனம் உதவியதாம், “குடியிருப்பாளர்கள் கவனித்ததை அடுத்து” வேலை தொடங்கியதாம். கீழே வர்ணப் படம் வேறு.

“அண்ணை,” என்று பக்கத்துத் துண்டுக்காரர் பலகைக்கு முன்னால் நின்று கேட்டார், “வாத்துக்குக்கூடப் படம் போட்டிருக்கிறாங்கள். உங்களைக் காணேல்லையே?”

அவர் பகிடிக்குக் கேட்டார். நான் பகிடியாக எடுக்கவில்லை. எந்தக் குடியிருப்பாளர் கவனித்தார்? அன்றைக்கு இவரே வாயைத் திறக்காதேங்கோ என்றவர். தானாக வந்து சொல்வதில்லை என்று அந்த அதிகாரியே சொன்னது யாரைப் பார்த்து? ஆராய்ச்சிப் பிள்ளைக்கு அந்தப் பலகையில் ஒரு வரி இருக்கிறது, நிறுவனத்தின் பெயரால். நல்லது, அவளுக்கு இரண்டு வரி கொடுத்தாலும் தகும். வாத்துகளுக்கும் என் ஆட்சேபம் இல்லை. அவை தங்கள் வேலையைச் செய்தன.

என் பெயரைப் போடச் சொல்லவில்லை. பெயர் நீளம், அவர்கள் எழுத்தைப் பிழை விடுவார்கள். ஒரே ஒரு வரி சேருங்கள், அதையும் மறைக்காமல் முழுதாகச் சேருங்கள்: இந்தத் தோட்டத்துக்கு அந்தச் சேற்றை அள்ளிக் கொண்டுவந்தவனும், அதைப் பெட்டியில் அடைத்து அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தவனும், அந்த மூலை ஏன் உறையவில்லை என்று பார்த்துச் சொன்னவனும் ஒரே ஆள். பலகையில் இடம் இருக்கிறது. வாத்துக்குப் பக்கத்தில், வலது பக்கம். நான் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.